டைட்டாகத் தைத்த ஜாக்கெட்டும் தெப்பக்குளத்து இரண்டு சுற்றும்

"அக்கா, ஒரு இஞ்ச் டைட்டாவே வச்சுத் தச்சிருங்க. கல்யாணத்துக்குள்ள நான் குறைஞ்சிருவேன்."

இருபத்திரண்டு வருடமாக மதுரை காமராசர் சாலைப் பக்கம் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். இந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. யாரும் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதே மஞ்சப்பையோடு வந்து நிற்பார்கள். "கொஞ்சம் பிரிச்சு விட்டுருங்கக்கா." இது தெரிந்துதான், யார் என்ன சொன்னாலும் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டே தைப்பேன்.

2023 ஜூனில் என் முறை வந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிற தன்னார்வலர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, "வெறும் வயித்துல ஒரு தடவை லேப்ல பாத்துருங்கக்கா" என்றார். பார்த்தேன். வெறும் வயிற்றில் 118. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1. இந்த எண் 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம், 6.5 ஆனால் உள்ளே போய்விட்டோம். அப்போது எனக்கு வயது 45, உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 74 கிலோ, இடுப்பு 39 இஞ்ச். ஊரார் இடுப்பையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறவள், என் இடுப்பை அளந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆரம்பித்ததை மூன்றாவது வாரத்துக்கு அப்புறமும் எப்படி விடாமல் வைத்துக்கொள்வது என்பது பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதுவும் பலமுறை விட்டதால் தெரிந்தது. இதற்கு முன்னால் ஒரு ஜிம்மில் வருடச் சந்தா கட்டிவிட்டு 17 நாள் போயிருக்கிறேன். ஒரு பவுடர் டப்பா வாங்கி, பாதியில் அது ஊறுகாய் டப்பாவாக மாறியதும் உண்டு.

முதலில் டேப்பை எடுங்கள்

எடை மெஷினுக்கு முன்னால் இஞ்ச் டேப். நம் ஆட்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். அந்த வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆகாதது. அதனால் இந்தியர்களுக்கென்று தனி அளவே வைத்திருக்கிறார்கள்: பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. இஞ்ச் கணக்கில் முப்பத்தொன்றரையும் முப்பத்தைந்தரையும். இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அளக்கும் விதம் முக்கியம். கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது, இடுப்பெலும்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப். பாவாடை கட்டுகிற இடத்தில் அளக்கக் கூடாது, அது கீழே இறங்கியிருக்கும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு அளவு பாருங்கள். டேப்பைக் கண்டதும் எல்லாருமே வயிற்றை உள்ளே இழுப்பார்கள். வாத்தியாரம்மா, வக்கீலம்மா, யாராக இருந்தாலும். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்து, "பொண்ணு எங்க படிக்குது?" என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்லும்போதுதான் அளவைப் படிப்பேன். உங்களுக்கு நீங்களே அளக்கும்போதும் இரண்டு தரம் மூச்சு விட்டுவிட்டு மூன்றாவதில் படியுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி, இடுப்பு அளவு. வாரம் ஒருமுறை, திங்கள் காலை கழிப்பறை போய்விட்டு வந்து, காபி குடிப்பதற்கு முன்னால், எடை. மெஷின் 800 ரூபாய்க்கு வாங்கினேன். தினமும் ஏறிப் பார்க்கிற ஆளாக நான் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் அந்த உப்புக்குத் தண்ணீர் நின்று திங்கள்கிழமை ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிலக்கு நாட்களுக்கு முன்னாலும் அப்படித்தான். அது கொழுப்பில்லை, தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரு ராத்திரியில் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நாலு திங்கள்கிழமை எடையைக் கூட்டி நாலால் வகுத்தால் வருவதுதான் அந்த மாதத்து எடை.

அமெரிக்காவில் 1994-இலிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தக்கவைத்தவர்களை மட்டும் சேர்த்து, இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள். ஊட்டச்சத்தியல் படிக்கிற என் மகள் இதைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அளவு நோட்டு இல்லாமல் எந்தத் தையல்காரி துணி வெட்டுவாள்?

இலக்கை எண்ணில் வைக்காதீர்கள், காலில் வையுங்கள்

டைட்டாகத் தைக்கச் சொல்கிறவர்கள் செய்கிற தவறு இதுதான். இலக்கு ஜாக்கெட்டில் இருக்கிறது. அதற்காக நாளைக்குக் காலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்பது எங்கேயும் இல்லை. "பத்து கிலோ குறையணும்" என்பது நம் கையில் இல்லாத விஷயம். "திங்கள் முதல் வெள்ளி தெப்பக்குளத்தை இரண்டு சுற்று" என்பது கையில் இருக்கிறது.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியும். என் 74-க்கு அது 3.7 கிலோ. அந்த 70.3 என்ற எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு மூடிவிட்டேன். தினம் பார்த்தது சுற்றுகளைத்தான்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. ஒரு பக்கம் ஆயிரம் அடி, இன்னொரு பக்கம் தொள்ளாயிரத்து ஐம்பது என்று சொல்வார்கள். வெளியே சுற்றி வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் இருக்கும். என் நடைக்கு ஒரு சுற்று 15 நிமிடம். இரண்டு சுற்று அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்த பட்சமாகச் சொல்கிற அளவு சரியாக வந்துவிடுகிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் கணக்கு.

பத்தாயிரம் அடி என்று போனில் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த எண்ணின் கதையே வேறு. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த உருண்டையான எண் அது. நான் முதல் பத்து நாள் நடந்தது ஒரே ஒரு சுற்று, அதுவும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து. பதினோராவது நாள்தான் இரண்டாவது சுற்றுக்குப் போனேன். ஆரம்பத்தில் "இவ்வளவுதானா?" என்று உங்களுக்கே சிரிப்பு வருகிற அளவு வையுங்கள். முதல் மாதத்து வேலை கொழுப்பைக் கரைப்பது இல்லை, வாசலைத் தாண்டுவது.

வாசலைத் தாண்ட என்னென்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷூ. செருப்போடு நடந்து மூன்றாவது வாரம் குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்க முடியவில்லை. சேலைக்கு ஷூ போட்டால் தெருவே சிரிக்குமே என்றுதான் வாங்காமல் இருந்தேன். எனக்கு நானே இரண்டு சுடிதார் தைத்தேன், பக்கத்தில் பாக்கெட் வைத்து, வீட்டுச் சாவியும் இருபது ரூபாயும் வைக்கிற அளவுக்கு. ராத்திரியே அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட வேண்டும். காலையில் ஐந்தரைக்கு நமக்கு மூளை வேலை செய்யாது. அந்த நேரத்தில் துப்பட்டாவைத் தேடினால் திரும்பப் படுத்துவிடுவோம்.

மதினி தெருமுனையில் நிற்பாள்

எதிர் வீட்டு மதினியும் நானும் சேர்ந்து நடந்தோம். போனில் பேசிக்கொள்வது கிடையாது. ஐந்தே முக்காலுக்குத் தெருமுனைப் பால் பூத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் போகாவிட்டால் அவள் இருட்டில் தனியாக நிற்பாள் என்ற நினைப்பு, என் சர்க்கரையைப் பற்றிய பயத்தைவிட நன்றாக வேலை செய்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, பல நாள் நான் எழுந்தது என் உடம்புக்காக இல்லை, அவளுடைய வாய்க்குப் பயந்து.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மகள் பிரசவத்துக்காக மதினி திருப்பூர் போனாள், இரண்டு மாதம். முதல் வாரம் நான் இரண்டே நாள்தான் நடந்தேன். துணை என்பது கைப்பிடிச் சுவர் மாதிரி இருக்கலாம், தூண் மாதிரி ஆகிவிடக் கூடாது. அப்புறம் அதற்கும் ஒரு வழி கண்டேன்: தினமும் நடந்து முடித்ததும் குளத்தைப் போனில் ஒரு படம் பிடித்து மதினிக்கு அனுப்பினேன். அவள் பேரனைப் படம் பிடித்து அனுப்பினாள்.

'வந்தால்' என்று தொடங்கும் பட்டியல்

உறுதி என்பது மனதில் இருக்கிற பொருள் என்று நினைத்து நினைத்தே நாம் தோற்கிறோம். அது முன்கூட்டியே போட்டு வைத்த ஏற்பாடு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் ஆய்வாளர் இதைத்தான் சொல்கிறாராம்: "நடப்பேன்" என்று மட்டும் தீர்மானிக்கிறவர்களைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடமும் நேரமும் சேர்த்துத் தீர்மானிக்கிறவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். மகள் சொன்னாள். என் நோட்டில் இருக்கிறவற்றில் சில:

மழை வந்தால், வீட்டுக்குள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் பத்து நிமிடம். நாய் துரத்தும் அந்தச் சந்து இருட்டாக இருந்தால், குச்சியோடு பெரிய ரோடு வழியாகப் போவது. கல்யாண வீட்டுப் பந்தியில் இனிப்பு வந்தால், ஒன்று; ரசித்துச் சாப்பிடுவது, மறு தடவை வந்தால் இலையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்வது. வீட்டுக்காரர் ராத்திரி புரோட்டா பார்சலோடு வந்தால், ஒன்று, கூட முட்டை ஆம்லெட். ("வேண்டாம்" என்று பட்டியலில் எழுதிப் பார்த்தேன். மதுரையில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியம் இல்லை.)

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் உதவியது பாபின், தையல் மெஷினில் கீழ்நூல் சுற்றி வைக்கிற சின்ன உருளை. 2016 வரை கால் மெஷின்தான் மிதித்தேன். அப்புறம் மோட்டார் மாட்டினேன். வேலை இரண்டு மடங்கு ஓடியது, கால் நின்றுபோனது. என் எடை ஏறிய வருடங்களைப் பார்த்தால் அங்கேதான் தொடங்குகிறது. மோட்டாரைக் கழற்ற முடியாது, அது சோறு போடுகிறது. அதனால் கீழ்நூல் தீரும்போதெல்லாம் எழுந்திருப்பது என்று வைத்தேன். பாபின் தீர்ந்தால், நூல் சுற்றுவதற்கு முன்னால் ஸ்டூலில் பத்து முறை கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு பாபின் போகும். எழுபது எண்பது தடவை ஆகிவிடும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அதற்குத் தனியாக நேரம் எங்கே என்று கேட்டவளுக்கு, மெஷினே மணி அடித்துச் சொல்கிற மாதிரி ஆனது. மூன்று மாதத்தில் முழங்கால் பிடிப்பு விட்டது. நீங்கள் தையல்காரியாக இல்லாவிட்டாலும் உங்கள் வேலையிலும் ஒரு பாபின் இருக்கும். குக்கர் விசில், போன் சார்ஜ், விளம்பர இடைவேளை, எதுவானாலும் சரி.

அடுப்படியில் மூன்றே மாற்றம்

டயட் என்ற பெயரில் எனக்கென்று தனிச் சமையல் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. மாமியாருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, எனக்கு ஓட்ஸ் என்றால் நாலு நாளில் முடிந்துவிடும். எல்லாருக்கும் சேர்த்து மூன்று மாற்றம் மட்டும் செய்தேன்.

எண்ணெய். கரண்டிக் கணக்கெல்லாம் அடுப்பு முன்னால் நிற்காது. மாதச் சாமானில் கை வைத்தேன். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், 340 கலோரி. 3 லிட்டராக ஆக்கினால் 23 கிராம், 205 கலோரிதான். வித்தியாசம் 135. ஏறக்குறைய அரை மணி நேர நடைக்குச் சமம், யாரும் ஒரு அடி எடுத்து வைக்காமலே. மாதம் அரை லிட்டர் அரை லிட்டராகக் குறைத்தேன். நாக்குக்குத் தெரியவே இல்லை. மாமியார் மட்டும் நாலாவது மாதம், "வத்தக்குழம்புல எண்ண மிதக்கக் காணோம்" என்றார்.

டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் என்றால் 50 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாள் முழுவதற்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டீக்குக் கால் ஸ்பூன் குறைத்தேன். இப்போது மூன்று டீ, அரை ஸ்பூன். நாலு மணி வடைக்குப் பதிலாகச் சுண்டல். பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ காலையில் ஊறப்போட்டுவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் வடை. வெள்ளிக்கிழமை வடையை விட முடியாது, விட மாட்டேன்.

தட்டு. பொரியலையும் கீரையையும் முதலில் பாதித் தட்டுக்குப் போட்டுவிட்டு மீதி இடத்தில் சோறு. நம் வழக்கம் நேர்மாறு: தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ளப் பொரியல். இதற்கு ஆகிற காய்கறிச் செலவை மறைக்க மாட்டேன், மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் கூடியது. எண்ணெயில் மிஞ்சியது அதில் கொஞ்சம் ஈடுகட்டியது.

இந்த இடத்தில் அம்மாக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. என் உடம்பில் ஏறியதில் பாதி, நான் பசித்துச் சாப்பிட்டது இல்லை. மகள் தட்டில் மிச்சம் வைத்த தோசை, குண்டானின் அடியில் நின்ற இரண்டு கைப்பிடி சோறு, "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டது. அரிசி அரை ஆழாக்கு குறைத்து வைத்ததும் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. மீந்தால் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. வயிறு குப்பைத்தொட்டி இல்லை என்று என்னிடம் முதலில் சொன்னது மகள். அன்றைக்கு அவளிடம் கோபப்பட்டேன்.

விட்ட பிறகு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2023 தீபாவளி நவம்பர் 12. ஜூனில் 74 ஆக இருந்தவள் அக்டோபர் நடுவில் 71.2 வரை வந்திருந்தேன். அக்டோபர் 18 தொடங்கித் தீபாவளி சீசன். ராத்திரி ஒரு மணி வரை தையல், காலையில் ஊக்கு வைக்கிற வேலை, சாப்பாடு நின்றபடி, டீ கணக்கில்லை. 25 நாள் ஒரு சுற்றுகூடப் போகவில்லை. தையல்காரிக்குத் தீபாவளி அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் அதற்கு அடுத்த பத்து நாளுக்குத்தான். சீசன் முடிந்துவிட்டது, கையில் நேரம் இருக்கிறது, ஷூ கதவோரம் இருக்கிறது. ஆனாலும் போகவில்லை. வெட்கம். எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மதினி வாசலில் தெரிந்தால் உள்ளே போய்விடுவேன். "எல்லாம் போச்சு, இனி பொங்கலுக்கு அப்புறம் புதுசா ஆரம்பிப்போம்" என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. 25 நாளில் ஏறியது ஒரு கிலோ சொச்சம்; பொங்கல் வரை விட்டிருந்தால் பழைய 74-ஐத் தாண்டியிருக்கும்.

என்னைத் திருப்பியது ஒரு ஜாக்கெட். பட்டு ஜாக்கெட், கை தப்பாக மாறி வைத்துவிட்டேன். பிரிக்க உட்கார்ந்தபோது தோன்றியது: தப்பாகப் போன தையலைப் பார்த்து நான் ஒரு நாளாவது துணியைத் தூக்கி எறிந்திருக்கிறேனா? எங்கே தப்பியதோ அங்கே வரைக்கும் பிரிப்பேன். முழுவதையும் பிரிக்க மாட்டேன். நவம்பர் 23 காலையில் ஒரே ஒரு சுற்று போனேன். திங்கள்கிழமை மெஷினில் ஏறினேன், 73. எழுதினேன்.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கிறது இவ்வளவுதான். திரும்பிப் போகிற முதல் வாரம், விட்ட அளவில் பாதி. இரண்டு சுற்று போனவள் ஒன்று. விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடப்பது, நாலு சுற்று போவது கூடவே கூடாது. மூன்றாம் நாள் உடம்பு வலியில் மறுபடி படுத்துவிடுவோம். எடையை உடனே பார்த்து எழுதிவிட வேண்டும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். நல்ல நாள் பார்க்கக் கூடாது: ஒன்றாம் தேதி, வளர்பிறை, திங்கள்கிழமை எதுவும் வேண்டாம். நான் திரும்பிப் போனது ஒரு வியாழக்கிழமை.

லண்டனில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் தானாக வருகிற அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று. சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்றும் கண்டார்கள். 21 நாள் என்று எல்லாரும் சொல்வதை நம்பி, 22-ஆம் நாளும் எழ முடியவில்லையே என்று நொந்துபோனவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

2024 தீபாவளிக்கு முன்கூட்டியே யோசித்து வைத்தேன். சீசனில் இரண்டு சுற்று முடியாது என்று தெரியும். அதனால் அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் சின்ன அளவு: பாபின் கணக்கு கட்டாயம், ஒரு சுற்று முடிந்தால். எடை குறையவும் இல்லை, ஏறவும் இல்லை. தீபாவளி முடிந்து திரும்புவதற்கு எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை, ஏனென்றால் விடவே இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கும் இதே மாதிரிதான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் கூட்டத்தில் நடந்த நடையை நான் சுற்றுக் கணக்கில் எழுதினேன், மதினி அது செல்லாது என்றாள்.

எடை நின்றுபோனால்

நின்றுபோகும். எனக்கு 2024 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை 70-ஐ விட்டு அசையவில்லை. உடம்பு சின்னதாக ஆக ஆக அதற்கு ஆகிற செலவும் குறைகிறது, அதே சாப்பாடு அதே நடைக்கு அது பழகிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் என்னைக் காப்பாற்றியது டேப்: எடை நின்றபோதும் இடுப்பு முக்கால் இஞ்ச் இறங்கியிருந்தது. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, முட்டையோ மத்தி மீனோ கூட்டினேன். மே மாதம் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

இன்னொன்றும் மனதுக்குத் தெம்பு கொடுத்தது. சென்னையில் 2000-களில், சர்க்கரையின் வாசலில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து மூன்று வருடம் ஓர் ஆய்வு நடந்தது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று இருந்தவர்களில் 39 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவிகிதம். இத்தனைக்கும் அந்த நடந்தவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. மெஷின் காட்டாததையும் உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். என்ன செய்தும் அசையவில்லை, சோர்வும் முடி கொட்டுவதும் கூட இருக்கிறது என்றால் தைராய்டு ஒருமுறை பார்த்துவிடலாம்.

"என்ன, சுகரா?"

குண்டாக இருக்கும்போது ஒன்றும் சொல்லாத ஊர், நாலு கிலோ குறைந்ததும் பேச ஆரம்பிக்கும். "என்ன இப்படி மெலிஞ்சு போய்ட்ட, உடம்புக்கு என்ன?" "கன்னம் ஒட்டிப்போச்சே." "வீட்ல ஏதும் பிரச்சினையா?" நம் ஊரில் பூசினாற்போல் இருந்தால்தான் நல்ல வாழ்க்கை வாழ்கிறோம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன், எச்பிஏ1சி வரைக்கும். அது அடுத்த தெருவுக்குப் போய், எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்று திரும்பி வந்தது. இப்போது ஒரே பதில்: "ஆமாக்கா, வேலை ஜாஸ்தி." விருந்தில் வற்புறுத்துகிறவர்களிடம் "டயட்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள், உடனே பந்தியே கூடி அறிவுரை சொல்லும். "காலைல இருந்து வயிறு சரியில்ல" என்றால் மோர் ஊற்றிவிட்டு விட்டுவிடுவார்கள்.

2024 டிசம்பரில் என் எடை 67. இடுப்பு முப்பத்தைந்தரை. எச்பிஏ1சி 5.8. ஒன்றரை வருடத்துக்கு ஏழு கிலோ என்றால் இளசுகள் சிரிப்பார்கள். இடுப்பு இன்னும் நாலு இஞ்ச் இறங்க வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு என் பழைய ஜாக்கெட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தேன். இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் இஞ்ச் உள்ளே போனது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கத்தரியை எடுத்து நீட்டினாள். "உள்ள இவ்வளவு துணி எதுக்கும்மா, வெட்டிரு. உறுத்தாதா?" கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். மடித்துக் கைத்தையல் போட்டு வைத்துக்கொண்டேன், வெட்டவில்லை.